ராத்திரி 2 மணிக்கு யாருக்குப் போன் வருகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் டேட்டா துறை வேலைகளைப் பற்றி வந்த கட்டுரையை, விருதுநகரில் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கும் என் அக்கா மகன் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "மாமா, இதுல நீங்க எது?" என்று கேட்டிருந்தான். டேட்டா இன்ஜினியர், டேட்டா அனலிஸ்ட், டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர், டேட்டா ஆர்க்கிடெக்ட் என்று கட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நேரே இன்ன படிப்பு இன்ன வேலை என்று அழகாகப் பிரித்திருந்தீர்கள். பதினேழு வருடமாக இந்தத் துறையில் குப்பை கொட்டுகிறேன், அவனுக்குப் பதில் சொல்ல வரவில்லை. எல்லாக் கட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறேன், எந்தக் கட்டத்திலும் முழுசாக இல்லை. கட்டுரையில் தப்பு இருக்கிறது என்று சண்டை போட எழுதவில்லை. அந்தக் கட்டத்தை அப்படியே நம்பி ஒரு பையன் ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை நான்கு கம்பெனிகள் பார்த்தாயிற்று. முதல் கம்பெனி கார்டில் 'சிஸ்டம்ஸ் இன்ஜினியர்'. இரண்டாவதில் 'டெக்னிக்கல் அனலிஸ்ட்'. மூன்றாவதில்தான் 'டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று போட்டார்கள், சுருக்கமாக டிபிஏ, கம்பெனியின் தகவல் எல்லாம் சேமித்து வைத்திருக்கும் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்பவர். இப்போது 'லீட் கன்சல்டன்ட்'. வேடிக்கை என்னவென்றால், முதல் இரண்டு இடத்திலும் இப்போது இருக்கும் இடத்திலும் என் வேலை முழுக்க முழுக்க டிபிஏ வேலை. டிபிஏ என்று கார்டு அடித்துக் கொடுத்த இடத்தில் மட்டும் அந்த வேலையே கிடையாது. அங்கே டேட்டாபேஸை கிளையண்ட்டின் ஆட்களே வெளிநாட்டில் இருந்து பார்த்துக்கொண்டார்கள், எனக்கு புரொடக்ஷன் சர்வரின் (நிஜ வேலை ஓடும் சர்வர்) பாஸ்வேர்டு கூடக் கொடுக்கவில்லை. தினமும் காலையில் நாற்பது சர்வரில் டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று எக்செல்லில் ஏற்றி, சிவப்பு மஞ்சள் பச்சை அடித்து, 10 மணிக்குள் மெயில் அனுப்ப வேண்டும். ஒன்றரை வருடம் அதுதான். கலர் பென்சில் கொடுத்தால் யுகேஜி பிள்ளை செய்துவிடும் வேலை. ஆனால் ரெஸ்யூமேயில் அந்த ஒன்றரை வருடம்தான் 'பக்காவாக' இருக்கிறது, இன்டர்வியூவில் எல்லோரும் அதைப் பற்றித்தான் கேட்கிறார்கள்! மற்ற இடத்தில் கண் முழித்துக் கற்றுக்கொண்டதைப் பற்றிக் கேட்பதில்லை, ஏனென்றால் அங்கே பெயர் வேறு.

டிபிஏ வேலை என்றால் என்ன என்று தெரியாத வாசகர்களுக்காக ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். ஆரக்கிள் என்ற கம்பெனியின் டேட்டாபேஸில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு பக்கம் குறிப்பாக எழுதப்பட்டுக்கொண்டே வரும், மளிகைக் கடையில் நாள்கணக்கு எழுதுகிற மாதிரி. சர்வர் விழுந்தால் முன்பு நகல் எடுத்து வைத்த பழைய பேக்கப்பை எடுத்து, அதன்மேல் இந்தக் குறிப்பை வரிசையாக ஓட்டித்தான் கடைசி நிமிடம் வரை மீட்க முடியும். அந்தக் குறிப்புகளை ஆர்க்கைவ் லாக் என்போம். அவை சேரும் இடம் நிரம்பிவிட்டால் டேட்டாபேஸ் புதிதாக எதையும் எழுத மறுத்து நின்றுவிடும். எழுதுவதற்கு நோட்டில் பக்கம் இல்லை, அதனால் கடையை மூடிவிட்டேன் என்கிற கணக்குப்பிள்ளை மாதிரி. ஓஆர்ஏ-00257 என்று ஒரு எர்ரர் வரும், இந்தத் தொழிலில் இருக்கிற எவனையும் தூக்கத்தில் எழுப்பி அந்த நம்பரைச் சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வான். பெரும்பாலும் தூக்கத்தில்தான் எழுப்புவார்கள். மாதக் கடைசியில் யாரோ ஒரு டெவலப்பர் மொத்தமாக ஓட்டும் பெரிய வேலை ஒன்றை ராத்திரியில் ஓட விட்டிருப்பார், வழக்கமாக ஒரு நாளில் சேருகிற லாக் இரண்டு மணி நேரத்தில் சேர்ந்திருக்கும், பேக்கப் எடுத்து இடத்தைக் காலி செய்யும் வேலை எங்கோ தடுக்கி நின்றிருக்கும். அந்த நேரத்தில் போன் அடிக்கும். எடுத்தால் கான்ஃபரன்ஸ் காலில் எடுத்தவனையும் சேர்த்துப் பதினைந்து பேர். அதில் பதினான்கு பேருக்கு மேனேஜர், ஆர்க்கிடெக்ட், டெலிவரி ஹெட் என்று பெயர் இருக்கும். கீபோர்டில் கை வைக்கப் போவது ஒரே ஆள்தான். அவன் கார்டில் என்ன போட்டிருக்கிறது என்று அந்தப் பதினான்கு பேருக்கும் தெரியாது, தெரிந்தாலும் அப்போது அதைப் பற்றிக் கவலை இல்லை.

இதுதான் நான் சொல்ல வருவது. டேட்டாபேஸ் சம்பந்தப்பட்ட வேலையில் பதவியின் பெயரைக் கேட்டு எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. ராத்திரி 2 மணிக்கு யாருக்குப் போன் வருகிறது என்று கேட்டால் தெரிந்துவிடும்.

நடுவில் ஒரு சங்கதி. எனக்குப் பெண் பார்க்கப் போனபோது என் மாமனார் (அப்போது இன்னும் மாமனார் ஆகவில்லை) கார்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அட்மினிஸ்ட்ரேட்டர்னா நிர்வாகி. உங்களுக்குக் கீழே எத்தனை பேர் தம்பி?" என்றார். நான் உண்மையைச் சொன்னேன்: "ஆள் யாரும் இல்லைங்க, நாற்பது சர்வர் இருக்கு." அவர் கூட்டுறவு வங்கியில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது என்ற எண்ணிக்கை அவருக்குப் பிடித்துப்போயிற்று என்று நினைக்கிறேன். அந்த நாற்பதுக்கும் நான் கலர் மட்டும்தான் அடிக்கிறேன் என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெயருக்கும் வேலைக்கும் ஏன் இவ்வளவு தூரம்? எனக்குத் தெரிந்து முதல் காரணம், நம் ஊர் சர்வீஸ் கம்பெனிகளில் டெசிக்னேஷன் என்பது வேலையின் பெயரே இல்லை, சம்பளப் படியின் பெயர். ஏ1, பி2 என்று உள்ளுக்குள் ஒரு படிக்கட்டு இருக்கும், ஒவ்வொரு படிக்கும் ஒரு பெயர் ஒட்டியிருப்பார்கள். ஒரே படியில் இருக்கிற டெஸ்டர், ஜாவா டெவலப்பர், டிபிஏ, நெட்வொர்க் ஆள் எல்லோருக்கும் ஒரே பெயர். 'அசோசியேட் கன்சல்டன்ட்' என்று கேட்டால் அவர் என்ன செய்கிறார் என்று அவரைப் பெற்ற தாய்க்கும் தெரியாது. இரண்டாவது காரணம் பில்லிங். கிளையண்ட்டிடம் 'சீனியர் டிபிஏ' என்று ஒரு ரேட் பேசியிருப்பார்கள், அந்த இடத்தில் எட்டு மாத அனுபவம் உள்ள பையனை உட்கார வைப்பார்கள், அவனுக்குப் பின்னால் இரண்டு புராஜெக்ட் தள்ளி உட்கார்ந்திருக்கும் நிஜ சீனியர் சாட்டில் விடை சொல்லிக்கொண்டிருப்பார். இப்படிப் பின்னால் இருந்து சொன்னவனாகவும் இருந்திருக்கிறேன், முன்னால் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்த பையனாகவும் இருந்திருக்கிறேன். மூன்றாவது, அப்ரைசல், அதாவது வருடாந்திர மதிப்பீடு. பணம் கூட்டிக் கொடுக்க மனசு இல்லாத வருடம் பெயரைக் கூட்டிக் கொடுப்பார்கள். அதற்கு கம்பெனிக்கு ஆகிற செலவு கார்டு அடிக்கிற காசு, இப்போது அதுவும் இல்லை, மெயில் கையெழுத்தை மாற்றினால் போதும்.

நாலாவதாக ஒன்று இருக்கிறது, அதை யார் மேலும் பழி போட முடியாது. வேலையே மாறிக்கொண்டு வருகிறது. 1970-ல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட், தகவலை அட்டவணைகளாக வைப்பது பற்றி எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையில் ஆரம்பித்ததுதான் நாங்கள் இன்றைக்குச் சாப்பிடும் சோறு. அதற்குப் பிறகு 1979-ல் ஆரக்கிள் விற்பனைக்கு வந்தது, 80-களின் கடைசியிலும் 90-களிலும் எஸ்க்யூஎல் சர்வர், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் என்று வேறு டேட்டாபேஸ்கள் வரிசையாக வந்தன. அந்தக் காலத்தில் டிபிஏ என்றால் டிஸ்க் வாங்குவதில் இருந்து பேக்கப் டேப்பை பீரோவில் பூட்டுவது வரை அவர் பொறுப்பு. 2009-ல் அமேசான், டேட்டாபேஸை இணையம் வழியாக வாடகைக்குத் தரும் ஆர்டிஎஸ் என்ற கிளவுட் சேவையைக் கொண்டுவந்த பிறகு, டேட்டாபேஸை நிறுவுவது, பேக்கப் எடுப்பது, குறைகளைச் சரிசெய்யும் பேட்ச் போடுவது எல்லாம் மெல்ல மெல்ல பட்டன் ஆயிற்று. டேப்பும் பீரோவும் போயின, வேலை போகவில்லை. பேக்கப் தானாக எடுக்கப்படும், சரி, ஆனால் மோசமாக எழுதிய குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) தானாகச் சரியாகாது. தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் எங்கே போட வேண்டும், எங்கே போடக்கூடாது, எந்த டேபிளை உடைக்க வேண்டும், மாதக் கடைசிக் கிளவுட் பில் ஏன் இரண்டு மடங்கானது, இதெல்லாம் இன்னும் ஒரு மனிதன் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். அந்த மனிதனுக்கு இப்போது பெயர் 'கிளவுட் டேட்டா இன்ஜினியர்' அல்லது 'டேட்டாபேஸ் ரிலையபிலிட்டி இன்ஜினியர்'. பழைய டிபிஏ புதுச் சட்டை போட்டிருக்கிறார், அவ்வளவுதான். அதே மாதிரி டெவ்ஆப்ஸ். 2009-ல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் நடந்த கூட்டத்தில் அந்தப் பெயர் பிறந்தபோது அது ஒரு வேலை செய்யும் முறை. புரோகிராம் எழுதுகிறவர்களும் அதை ஓட்டுகிறவர்களும் ஒருவர் தலையில் ஒருவர் தூக்கிப் போடாமல் சேர்ந்து செய்வது. நம் ஊருக்கு வருவதற்குள் அது ஒரு டெசிக்னேஷன் ஆகிவிட்டது. 'டெவ்ஆப்ஸ் இன்ஜினியர்' என்று தனியாக ஒருவரை எடுத்து, இரண்டு பக்கமும் தங்கள் வேலையை அவர் தலையில் போடுகிறார்கள்.

இதுவரை சொன்னது பெரிய கம்பெனி கதை. அங்கே பெயர் எப்படி இருந்தாலும் வேலையைச் செய்ய ஒரு ஆளாவது இருப்பார். இதைவிட மோசம் சின்ன இடங்கள். கோயம்புத்தூர் பக்கம் ஒரு மில்லில் என் நண்பரின் தங்கை வேலை பார்த்தார். டெசிக்னேஷன் 'ஐடி எக்சிக்யூட்டிவ்'. பிரிண்டர், சிசிடிவி, கைரேகை வைக்கும் அட்டெண்டன்ஸ் மெஷின், முதலாளி வீட்டு வைஃபை, டேலி, எல்லாம் அவர்தான். மூலையில் ஒரு அறையில் எஸ்க்யூஎல் சர்வர் ஓடிக்கொண்டிருந்தது, மில்லின் ஸ்டாக், சம்பளம், பில் எல்லாம் அதில்தான். சாஃப்ட்வேர் விற்றவர் நிறுவிவிட்டுப் போய்விட்டார். அது 'ஃபுல் ரிகவரி' என்ற நிலையில் இருந்தது. அந்த நிலையில் வைத்தால் டிரான்சாக்ஷன் லாக்குக்கு (மேலே சொன்ன நாள்கணக்கு மாதிரி) தனியாக பேக்கப் எடுத்தே ஆக வேண்டும், எடுக்காவிட்டால் லாக் ஃபைல் வளர்ந்துகொண்டே போகும், நிற்காது. மூன்று வருடம் வளர்ந்து ஒரு நாள் மொத்த டிஸ்க்கையும் தின்றுவிட்டது. அன்றைக்குச் சம்பளப் பட்டியல் எடுக்கும் நாள். பேக்கப் எங்கே என்று பார்த்தால், எடுத்திருந்த ஒரே பேக்கப்பும் அதே டிஸ்க்கில். "நீதானே ஐடி, உனக்குத் தெரியாதா?" என்று கேட்டிருக்கிறார்கள். தெரியாதுதான். பேக்கப் எடுப்பது அவர் வேலை என்று ஒருவரும் சொன்னதில்லை, அவருடைய அப்பாயின்மென்ட் ஆர்டரில் 'நிர்வாகம் அவ்வப்போது ஒப்படைக்கும் இதர பணிகள்' என்று ஒரு வரி இருந்ததே தவிர டேட்டாபேஸ் என்ற சொல்லே இல்லை. அந்த ஒரு வரி இருக்கிறதே, இந்தத் துறையில் பாதிப் பேர் வாழ்க்கை அந்த வரிக்குள்தான் ஓடுகிறது. இப்படித் தெரியாமல் வந்து மாட்டுகிறவர்களுக்கு எங்கள் ஆட்கள் 'ஆக்சிடென்டல் டிபிஏ' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். நண்பர் எனக்குப் போன் போட்டார், ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து வேறு டிஸ்க் சேர்த்து லாக்கைச் சுருக்கி எழுப்பினோம். கெட்டதிலும் ஒரு நல்லது, டேட்டா போகவில்லை.

சின்ன மில், விவரம் தெரியாத முதலாளி, அதனால்தான் அப்படி என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. உலகம் முழுக்க புரோகிராமர்கள் தாங்கள் எழுதும் புரோகிராமை வைத்திருக்கும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 ராத்திரி நடந்தது அவர்களே வெளிப்படையாக எழுதி வைத்த விஷயம். இரண்டு டேட்டாபேஸ் சர்வர், முதலாவதன் நகலான இரண்டாவது பின்தங்கிவிட்டது, அதைச் சுத்தம் செய்து மறுபடி காப்பி எடுக்கலாம் என்று ஒரு இன்ஜினியர் பின்னிரவில் டைரக்டரியை அழிக்கும் கட்டளையைப் போட்டார், இரண்டாவது சர்வரில் போடுவதாக நினைத்து முதல் சர்வரில். சில நொடிகளில் உறைத்து நிறுத்தியபோது சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். சரி, பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், தினசரி பேக்கப் சேரவேண்டிய இடம் காலி. டேட்டாபேஸின் பதிப்பு 9.6, பேக்கப் எடுக்கும் கருவியின் பதிப்பு 9.2, அதனால் அது ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றால் மெயில் வர வேண்டும், வந்தது, ஆனால் கையொப்பச் சரிபார்ப்பில் அந்த மெயில்களைப் பெறும் பக்கத்து மெயில் சர்வரே தள்ளிவிட்டது. ஆறு மணி நேரத்துக்கு முன்பு அதே இன்ஜினியர் வேறு ஒரு காரியத்துக்காகக் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான், அதாவது அந்த நேரத்து நகல்தான், காப்பாற்றியது. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள், அந்த நேர்மைக்கு ஒரு சல்யூட். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது அவர்களுடைய அறிக்கையில் இருந்த ஒரு விஷயம். பேக்கப் சரியாக இருக்கிறதா என்று ஏன் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்று தங்களையே கேட்டுக்கொண்டு, அது யாருடைய பொறுப்பாகவும் இல்லை என்று பதில் எழுதியிருந்தார்கள். திறமையான இன்ஜினியர்களுக்கு அங்கே பஞ்சமா? ஆனால் பேக்கப்பை ரீஸ்டோர் செய்து, அதாவது அதிலிருந்து மீட்டுப் பார்ப்பது என்ற ஒரு வேலை எந்தப் பெயருக்கும் கீழே இல்லை. மில்லில் நடந்ததும் இதுதான். டெசிக்னேஷன் கௌரவப் பிரச்சினை, ஈகோ பிரச்சினை என்று சிரித்துவிட்டுப் போகிறவர்களிடம் இதைத்தான் நான் சொல்வது.

அப்புறம் அரசு அலுவலகங்களில் ஒப்பந்தத்தில் இருக்கும் டேட்டா என்ட்ரி ஆபரேட்டர்கள். பெயரைக் கேட்டால் பார்த்து டைப் அடிப்பவர் என்று தோன்றும். எனக்குத் தெரிந்த ஒருவர் டைப் அடிப்பது பத்தில் இரண்டு பங்கு. இணையதளம் திறக்காவிட்டால் மாவட்டத் தலைமைக்குப் போன் போடுவது, தப்பாக ஏறிய பெயர்களைத் திருத்த யார் லாகின் வேண்டும் என்று அலைவது, பழைய எக்செல்லைப் புதுப் போர்ட்டலுக்கு ஏற்ற மாதிரி மாற்றுவது, பட்டியலில் ஒரே ஆள் இரண்டு முறை வந்திருக்கிறாரா என்று பிரித்துப் பார்ப்பது. இது எல்லாம் எங்கள் பக்கம் 'டேட்டா குவாலிட்டி அனலிஸ்ட்' என்று நல்ல சம்பளத்துக்குச் செய்கிற வேலை. அவரிடம் நான் இதைச் சொன்னபோது, "அண்ணே, எங்க ஆபீஸ்ல எனக்குப் பேரே கிடையாது, 'கம்ப்யூட்டர் தம்பி'தான்" என்றார். பத்து வருடம் இதைச் செய்துவிட்டு வெளியே வந்து வேலை தேடினால், அனுபவச் சான்றில் டேட்டா என்ட்ரி என்று இருக்கும், டைப்பிங் ஸ்பீடு எவ்வளவு என்று கேட்பார்கள்.

அனுபவச் சான்று என்றதும் என் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சில வருடங்களுக்கு முன்பு கனடாவுக்குக் குடியேற விண்ணப்பிக்கலாம் என்று ஒரு ஆசை வந்தது. அங்கே ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு எண் இருக்கிறது, டேட்டாபேஸ் ஆட்களுக்கு இப்போது 21223. உங்கள் கார்டில் என்ன பெயர் என்பது அவர்களுக்குப் பெரிய விஷயம் இல்லை. பழைய கம்பெனி தன் லெட்டர்ஹெட்டில் நீங்கள் பார்த்த வேலைகளை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எவ்வளவு சம்பளம் என்பதோடு எழுதித் தர வேண்டும். அந்த வேலைகள் அவர்கள் எண்ணில் சொல்லியிருப்பதோடு பொருந்த வேண்டும். நியாயமான முறை, எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் என் முதல் கம்பெனி ஹெச்ஆர் என்ன சொன்னார்கள் தெரியுமா? சேர்ந்த தேதி, விலகிய தேதி, டெசிக்னேஷன், இதற்கு மேல் ஒரு வரி எழுதித் தருவது எங்கள் பாலிசி இல்லை. நான் ஆறு வருடம் ராத்திரியும் பகலும் பார்த்த வேலை என்னவென்று எழுதத் தடை, நான் ஒரு நாளும் பார்க்காத 'சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங்' மட்டும் கம்பெனி சீலோடு கிடைத்தது. கடைசியில் என் பழைய மேனேஜரைத் தேடிப் பிடித்து, அவரும் அதற்குள் கம்பெனி மாறிவிட்டார், மனிதர் பாவம் ஒரு சனிக்கிழமை சைதாப்பேட்டை வரை வந்து, ஸ்டாம்ப் பேப்பரில் 'இன்னார் எனக்குக் கீழ் டேட்டாபேஸ் பேக்கப், மீட்பு, செயல்திறன் மேம்பாடு ஆகிய பணிகளைச் செய்தார் என்று உறுதி கூறுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரை வாங்கினோம். நிலம் வாங்குவதற்குக் கூட நான் அவ்வளவு தூரம் அலைந்ததில்லை. பிறகு வேறு குடும்பக் காரணங்களால் கனடா போகவில்லை, அது வேறு கதை. இன்றைக்கும் அந்த ஸ்டாம்ப் பேப்பரைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நான் என்ன வேலை பார்த்தேன் என்று உள்ளபடி சொல்லும் ஒரே காகிதம் அதுதான்.

நம் நாட்டுச் சட்டமும் இந்த விஷயத்தில் ஹெச்ஆரைவிடத் தெளிவு. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின் கீழ் ஒருவர் தொழிலாளரா இல்லையா என்று பார்க்கும்போது, பதவியின் பெயர் என்ன என்பதை வைத்து முடிவு செய்யக்கூடாது, அவர் முதன்மையாகச் செய்த வேலை என்ன என்றுதான் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பல தடவை சொல்லியிருக்கிறது. 2022-ல் சென்னைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் ஒரு ஐடி ஊழியர் வழக்கில், அவர் மேலாளர் நிலையில் இருந்தவர், அதனால் இந்தச் சட்டம் அவருக்குப் பொருந்தாது என்று நிறுவனம் வாதாடியது. அவர் செய்தது தொழில்நுட்பத் திறன் சார்ந்த வேலை என்று நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, மறுபடி வேலையில் சேர்க்கச் சொன்னது. ஏழு வருடம் ஓடிய வழக்கு. அவருக்கு மட்டும் இல்லை, 'மேனேஜர்' என்று பெயர் வாங்கிக்கொண்டு சந்தோஷப்படுகிற ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு சேதி இருக்கிறது. வேலையில் இருந்து தூக்க நினைக்கும் நாளில் அதே பெயர் உங்களுக்கு எதிராகத் திரும்பும். கீழே ஒரு ஆள் இல்லாமல், ஒருவருக்கும் லீவு சாங்ஷன் செய்யும் அதிகாரம் இல்லாமல் என்ன மேனேஜர்?

நியாயமாக ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். பெயர் வேண்டாம், வேலை போதும் என்று என்னால் சுலபமாகச் சொல்ல முடிகிறது, எனக்குப் பதினேழு வருடம் ஆகிவிட்டது. ஆரம்பத்தில் இருக்கிறவனுக்கு அது முடியாது. வேலை தேடும் தளங்களில் ரெஸ்யூமேயை முதலில் படிப்பது மனிதனே இல்லை, தேடுகிற சொல் டெசிக்னேஷனில் இல்லாவிட்டால் உள்ளே என்ன எழுதியிருந்தாலும் கண்ணில் படாது. பேங்கில் லோன் கேட்டால் பெயர், வீடு வாடகைக்குக் கேட்டால் பெயர், பெண் பார்க்கப் போனால் பெயர். அதனால் பையன்களிடம் பெயருக்குச் சண்டை போடாதே என்று நான் சொல்வதில்லை. சண்டை போடு, கூடவே வேலையையும் எழுதி வாங்கு என்கிறேன். கம்பெனியை விட்டு வரும்போது கேட்டால் தர மாட்டார்கள், உள்ளே இருக்கும்போதே, வருடா வருடம் அப்ரைசல் ஃபார்மில் நீங்கள் செய்ததை உள்ளபடி எழுதி, மேனேஜர் ஒப்புதல் கொடுத்த பக்கத்தை கம்பெனி விதிக்கு உட்பட்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிளையண்ட் பெயர், சர்வர் பெயர் எதுவும் அதில் இருக்க வேண்டாம், இருந்தால் வேறு வம்பு வரும்.

அக்கா மகனுக்குக் கடைசியில் போன் போட்டு, இன்டர்வியூவில் இந்தக் கேள்விகளைக் கேள் என்று சொன்னேன். நான் தொடப் போவது எந்த டேட்டாபேஸ், எத்தனை? புரொடக்ஷன் லாகின் எனக்கு உண்டா? ராத்திரி ஆன்-கால் யார், மாதத்தில் எத்தனை வாரம், அதற்கு அலவன்ஸ் உண்டா, காலையில் லேட்டாக வரலாமா? பேக்கப்பை ரீஸ்டோர் செய்து கடைசியாக எப்போது சோதித்தார்கள், செய்தது யார்? "இதெல்லாம் கேட்டா வேலை தருவாங்களா மாமா?" என்றான். கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாமல் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால், அந்த வேலை உனக்குத்தான் வரப்போகிறது என்று அர்த்தம், சம்பளத்தைக் கூட்டிக் கேள் என்றேன்.

உங்களிடம் கேட்பது சின்ன விஷயம்தான். அடுத்த முறை அந்தக் கட்டத்தைப் போடும்போது பதவிப் பெயர் இருக்கும் பத்தியை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, காலை 9 மணிக்கு அந்த ஆள் என்ன செய்கிறார், ராத்திரியில் எதற்காக எழுப்பப்படுகிறார், எது கெட்டால் அவரைக் கேட்பார்கள் என்று மூன்று பத்தி போடுங்கள். நிரப்பித் தர ஆள் கிடைக்கவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் மட்டும் வேண்டாம், ஆரக்கிள் பேட்ச் வரும் மாதங்கள் அவை, மூச்சு விட நேரம் இருக்காது.

இப்படிக்கு,
பெருங்குடியில் இருந்து ஒரு வாசகன்
(கார்டில் லீட் கன்சல்டன்ட்)